பேரும் கூலியும்: இலங்கைத் தோட்டத் தமிழில் நோயும் நாளும்

1. முன்னுரை

அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைமுறை 1865இல் சட்டப்படி முடிவுற்றது. இலங்கையில் அது 1844இலேயே ஒழிக்கப்பட்டது. அக்காலத்தில்தான் அத்தீவின் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்து உழைப்பாளர் பெருமளவில் செல்லலாயினர். சட்டத்தின் பார்வையில் இவர்கள் அடிமைகள் அல்லர். ஆயினும் கடனால் கட்டுண்டவர்கள். இவர்களுடைய நாளையும் நோயையும் தோட்டத் தமிழ்ச் சொற்கள் சிலவற்றின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வழியும் கடனும்

மன்னார்க் கரையில் இறங்கியோர் மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே நடந்தனர். வாந்திபேதி, வயிற்றுக்கடுப்பு, மலேரியா ஆகியவற்றால் வழியிலேயே மாண்டோர் பலர். 1872இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்ட மாவட்டங்களில் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் அமைய வழிசெய்தது. எனினும், நோயுற்றவர் மருந்தகம் சென்ற நாளில் கூலி இல்லை; கடனோ குறையவில்லை.

அக்கடனின் எழுத்து வடிவமே 'துண்டு'. குறிப்பிட்ட தொகையைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு இது. ஒரு தோட்டத்துக் கடனை மற்றொரு தோட்டம் ஏற்க, ஆள் இடம் மாறினான். கடன் உடன் சென்றது. இம்முறை 1921இல் சட்டத்தால் நீக்கப்பட்டது.

3. பெரட்டும் பேரும்

வைகறையில் தப்பொலி கேட்டதும் லயத்திலிருந்து பெரட்டுக்களத்தில் கூடுவது தோட்டத்தின் அன்றாட ஒழுங்கு. 'பெரட்டு' என்பது 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. இராணுவ அணிவகுப்பைக் குறித்த சொல் இங்கு ஆள் எண்ணும் நிகழ்வைக் குறித்தது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. எனவே, காய்ச்சலில் படுத்தவரை எழுப்புவதில் கங்காணிக்கு நேரடி ஆதாயம் இருந்தது.

ஒரு நாள் உழைப்பு பதிவேட்டில் ஏறுவதே 'பேர் போடுதல்'. வேலை குறைந்ததெனக் கருதப்பட்டால் 'அரைப்பேர்' மட்டுமே. உடல் நலிந்தவர் முழுப் பேருக்குரிய கொழுந்தைக் கொய்ய இயலாது. ஆதலின் நோய் அவருடைய பேரையே பாதியாக்கியது. அடிமையின் நோய் உடைமையாளரின் முதலையும் தொட்டது. இங்கோ நோயின் இழப்பு பெரும்பாலும் உழைப்பவர் தலையிலேயே விழுந்தது. இதனால் அடிமைமுறை மென்மையானது என்பது பொருளன்று. இரண்டிலும் கணக்கு எழுதியவர் வேறு, உடல் நொந்தவர் வேறு என்பதே கருதத்தக்கது.

4. ஒரு தலைகீழ் மாற்றம்

'கூலி' என்பது தமிழில் உழைப்பின் ஊதியம். ஆங்கிலத்தில் அதையொத்த சொல் ஆளையே குறித்தது. அவ்வாங்கிலச் சொல்லுக்கு மேற்கிந்தியக் கோலி இனப்பெயர், தமிழ்க் 'கூலி' ஆகிய இரு மூலங்களையும் ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886) ஆராய்கிறது. கோலி மீனவரும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் தாராவியில் இவ்விரு சொற்களும் இன்றும் தனித்தனிப் பொருளிலேயே வழங்குகின்றன. மூலம் எதுவாயினும், ஆங்கிலத்தில் ஊதியச் சொல்லும் ஆளின் பெயரும் ஒன்றாயின. தோட்டத் தமிழிலோ ஆளின் பெயரே ஊதியமாயிற்று. ஒரே கணக்கேட்டை மேலிருந்து படித்தால் 'கூலி'. கீழிருந்து படித்தால் 'பேர்' எனலாம்.

5. முடிவுரை

மலையகத்தாரின் வாய்மொழிச் சான்றுகளை மொழிபெயர்ப்போர் 'அரைப்பேர்' என்பதை 'அரைநாள் கூலி' என்று மாற்றிவிடுவது எளிது, தொகையளவில் பிழையுமில்லை. ஆனால், பதிவேட்டில் தன் பெயரே குறைந்துபோனதாக உணர்ந்த நோயாளியின் அனுபவம் அம்மாற்றத்தில் மறைந்துவிடுகிறது. இத்தகைய சொற்களை அவ்வாறே நிறுத்தி, அவற்றின் பொருளை வாக்கியத்திற்குள்ளேயே விளங்க வைப்பது தகும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் ஏடுகள் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் சொற்களே.