முட்டையான கல்லும் தெய்வமான முட்டையும்

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண் வெட்டியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. ‘டைனோசர் முட்டை’ என்று சமூக ஊடகங்களில் படங்கள் பறந்தன. அலோர் காஜாவுக்கும் வந்து சேர்ந்தன. எங்கள் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். ஆகவே குடும்ப வாட்சாப் குழுவில் ஒரே பெருமை. “பாருங்கடா, நம்ம ஊருலயே டைனோசர் இருந்திருக்கு!” என்று சித்தப்பா குரல் பதிவே போட்டார்.

அவர் சொன்னது பாதி சரி. டைனோசர் இருந்தது. இந்தக் கற்கள்தான் முட்டை இல்லை.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது. அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் பிராணிகள் அங்கே ஏராளம்; நம்ம சோத்தோங்குக்குத் தூரத்துச் சொந்தம். செத்த ஓடு சேற்றில் புதையும். அதைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிந்து படிந்து கல் உருண்டையாக இறுகும். குன்னத்துக் கற்களும் அப்படி உருவானவைதான் என்று நிலவியலாளர்கள் அப்போதே விளக்கினார்கள். டைனோசர் முட்டையிட்டது தரையில், கடலுக்குள் அல்ல. அதே கடலில் நீந்திய இக்தியோசர்கூட டைனோசர் கிடையாது, வேறு ஊர்வன வகை. பெயரில் ‘சர்’ இருந்தால் எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடுகிறோம்.

உருவம் பெரிசு என்றால் முட்டையும் பெரிசாத்தானே இருக்கும் என்று கேட்பார்கள். பொறியியல் படித்தவனுக்கு இந்த இடம் பிடிக்கும். முட்டையின் விட்டம் இரண்டு மடங்கானால் மேற்பரப்பு 4 மடங்கு, உள்ளே இருக்கும் எடையோ 8 மடங்கு. அதைத் தாங்க ஓடு தடிக்க வேண்டும். தடித்தால் குஞ்சுக்குக் காற்று போகாது, உடைத்துக்கொண்டு வெளியே வரவும் முடியாது. மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. எல்லாம் பிரம்மாண்டமான டைட்டனோசர்களின் முட்டைகள். ஆனால் குறுக்களவு சுமார் 15 முதல் 17 சென்டிமீட்டர்தான். கால்பந்தைவிடச் சிறிசு.

அதே மாவட்டத்தின் பாட்லியா கிராமத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். வயலையும் மாட்டையும் காக்கும் ‘காகர் பைரவ்’ என்று உருண்டைக் கற்களை அங்கே கும்பிட்டு வந்தார்கள். அவை டைட்டனோசர் முட்டைகள் என்று 2023 கடைசியில் செய்தி வந்தது. இங்கே கல்லை முட்டை என்றார்கள், அங்கே முட்டையைக் கல் என்று கும்பிட்டார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் அலோர் காஜாவின் பெருங்கற்களைக்கூட ‘பத்து ஹிடூப்’, உயிருள்ள கல், வளரும் கல் என்றுதான் கம்பத்தில் சொல்வார்கள். கும்பிட்டதால் பாட்லியாவின் முட்டைகளாவது பிழைத்தன.

அரியலூரின் நிஜ டைனோசருக்கு அந்த யோகம் இல்லை. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் புருஹத்காயோசரஸ் என்று பெயரிட்டார்கள். கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்றானது. எலும்பே இல்லை, கல்மரம் என்றும் சிலர் சந்தேகப்பட்டார்கள். பக்கத்துச் சாத்தனூரில் கல்மரமே கிடக்கிறதே! சரிபார்க்கலாம் என்றால் எலும்புகள் ஏற்கெனவே உதிர்ந்து பொடியாகிவிட்டன. 2022இல் பழைய படங்கள் வெளியான பிறகுதான் எலும்பு என்ற வாதம் வலுத்தது. 2023 மதிப்பீடு ஒன்று அதன் எடையை 100 டன்னுக்கும் மேல் வைக்கிறது. அப்படியானால் நிலத்தில் நடந்த மிகப் பெரிய பிராணிகளில் ஒன்று. நம்மிடம் மிஞ்சியது படம் மட்டும். பொய் முட்டை கடல் தாண்டி மலாக்கா வரைக்கும் வந்தது. இந்தப் பெயரை எங்கள் குழுவில் ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை. எனக்கு எரிச்சல் அதில்தான்.

மலேசியாவில் 2014இல்தான் முதல் டைனோசர் புதைபடிவத்தை அறிவித்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மசாதோஷி சோனே தலைமையிலான குழு பகாங்கில் கண்டெடுத்தது, மீன் தின்னும் ஸ்பைனோசர் வகையின் ஒரு பல். நீளம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். சரியாக எந்த இடம் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை, யாரும் போய்த் தோண்டிவிடக் கூடாதே என்று.