நிரல் கேட்கும் நூலகம்

தோட்டத்தில் கல்யாணம் என்றால் பெரிய அண்டாவை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. கோயிலிலிருந்து எடுத்து வருகிறோம். கணினியிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. எழுத்தைத் திரையில் காட்டுவது, கோப்பைத் திறப்பது போன்ற பொது வேலைகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே சுமப்பதில்லை. அவை 'பகிர்வு நூலகம்' எனப்படும் கோப்புகளில் இருக்கின்றன. நிரல் தனக்கு வேண்டிய நூலகத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும், கிடைக்காவிட்டால் நின்றுவிடும்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸுக்காக எழுதிய நிரல்கள் லினக்ஸில் ஓடாமைக்கு இது ஒரு முக்கியக் காரணம். லினக்ஸ், 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதை விலையின்றிப் பெறலாம். ஆனால் பழகிய நிரல் ஓடாவிட்டால் அதனால் என்ன பயன்?

1993-இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர் 'வைன்' திட்டத்தைத் தொடங்கினார்கள். 1994 முதல் அலெக்ஸாந்தர் ஜூலியார் அதை நடத்தி வந்தார். மைக்ரோசாப்டின் நூலகங்களை அவர்கள் நகலெடுக்கவில்லை. அதே பெயரில், அதே வேலையைச் செய்யும் நூலகங்களைத் தாங்களே எழுதினார்கள். வைனை நிறுவினால் இவையும் கணினியில் வந்து அமர்கின்றன. நிரல் கேட்டதும் பதில் கிடைக்கிறது.

1.0 பதிப்பு வெளிவர 2008 ஜூன் ஆயிற்று. 15 ஆண்டு உழைப்பு! 2018-இல் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாகக் கொண்டு 'புரோட்டான்' என்பதை வெளியிட்டது.

எல்லா நிரல்களும் ஓடிவிடும் என்று நாம் சொல்லவில்லை. சிலவற்றுக்குக் கூடுதல் நூலகங்களையும் நிறுவ வேண்டும். ஆயினும், விண்டோஸுக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் இன்று ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை அமைத்தது பலருடைய பொறுமையே.