மத்ஸ்யவினோதம்: அரசரின் தூண்டில், மீனவரின் சொல்

தூண்டிலிலக்கியம் என்றதும் 1653இல் வெளிவந்த ஐசக் வால்ட்டனின் நூலே பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர், தம் வடமொழி நூலாகிய 'மானசோல்லாச'த்தில் மீன்பிடிப்புக்கென்றே 'மத்ஸ்யவினோதம்' என்னும் அத்தியாயத்தை அமைத்தார். கடல்மீன், நன்னீர்மீன், செதிலுள்ளவை, செதிலற்றவை என்ற பகுப்பும், எம்மீனுக்கு எவ்விரை என்ற குறிப்பும் அதில் உள்ளன. விலங்கியலாளர் சுந்தர் லால் ஹோரா 1951இல் இதனை ஆராய்ந்தார். மொழியியலார்தாம் இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை. 'ரோகித' வடசொல். 'சோர' என்பதோ தமிழின் 'சுறா'வுக்கு உறவான சொல். கடலுக்குத் தொலைவிலிருந்த தக்காண அரண்மனைக்கு அச்சொல்லைக் கொண்டுசேர்த்தவர்கள் கரையோர மீனவர்களாகவே இருக்கவேண்டும். நூலின் ஆசிரியராக அரசர் பெயர் மட்டுமே நிற்கிறது.