ஜான் ஆல்ட்கெல்ட்: கிராமப் பள்ளியிலிருந்து ஆளுநர் பதவிக்கு

ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் 1893 முதல் 1897 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநில ஆளுநராக இருந்தவர். வெளிநாட்டில் பிறந்து அப்பதவிக்கு வந்த முதல் மனிதர் அவரே. அமெரிக்காவில் மாநில ஆளுநர் மேலிடத்தால் அமர்த்தப்படுபவர் அல்லர். மக்களின் வாக்கில் நேரடியாக வென்று மாநில நிர்வாகத்துக்குத் தலைமை தாங்குபவர். கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்த ஒரு ஜெர்மானியர் அந்த இடத்தை எட்டப் பள்ளிக்கூடம் இரண்டு முறை வழி திறந்தது. இளமையில் அது அவருக்குப் பிழைப்புத் தந்தது. பின்னாளில் மாநிலத்தையே இரண்டாகப் பிரித்த தேர்தல் பிரச்சினையாக வந்து அவருக்கு வாக்குகளைக் கொண்டுவந்தது.

1847 டிசம்பர் 30 அன்று ஜெர்மனியின் நஸாவ் பகுதியில் உள்ள செல்டர்ஸில் ஆல்ட்கெல்ட் பிறந்தார். சில மாதங்களிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குப் புறப்பட்டு ஒஹாயோ மாநிலத்தின் மான்ஸ்ஃபீல்டு அருகே நிலம் பார்த்துக் குடியேறியது. வீட்டில் ஜெர்மன்தான் பேச்சுமொழி. மகன் ஏர் பிடித்தால் போதும், ஏட்டைத் தொட வேண்டியதில்லை என்பது தந்தையின் எண்ணம். அதனால் சிறுவயதில் அவருக்குக் கிடைத்த பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864இல், 16 வயதில், வடபுறப் படையில் சேர்ந்தார். வர்ஜீனியாவில் பற்றிய காய்ச்சல் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. அதன் பின்விளைவுகள் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தன. ஊர் திரும்பியதும் தந்தையின் விருப்பத்துக்கு மாறாக லெக்சிங்டன் என்ற சிற்றூரில் தனியார் பள்ளியில் படித்து, பிறகு இரண்டாண்டுகள் ஆசிரியராக வேலை பார்த்தார்.

அக்காலத்தில் மத்திய மேற்கு மாநிலங்களின் கிராமப் பள்ளி பெரும்பாலும் ஒரே ஓர் அறைதான். எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆசிரியர். வயல் வேலை குறைந்த குளிர்கால மாதங்களில்தான் பெரிய பையன்கள் வருவார்கள். சம்பளம் சொற்பம், வேலையும் ஆண்டு முழுக்க இருக்காது. ஆனால் ஆசிரியராகக் கல்லூரிப் பட்டம் தேவைப்படவில்லை. உள்ளூர்த் தேர்வில் தேறினால் போதும். சட்டத் தொழிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு வழக்கறிஞரிடம் நூல்களை வாங்கிப் படித்து, நீதிபதியின் முன் தேர்வுக்கு நின்று உரிமம் பெறலாம். கையில் காசில்லாத இளைஞருக்கு வகுப்பறையில் கிடைத்த சம்பளமும் ஓய்வு மாதங்களும் சட்டம் படிக்கப் போதுமானவையாக இருந்தன. நிலமோ உறவுப் பலமோ இல்லாத குடியேறிகளின் பிள்ளைகள் பலர் இந்தப் படிகளில் ஏறினார்கள்.

1869இல் ஆல்ட்கெல்ட் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆர்கன்சாவில் ரயில் பாதை போடும் வேலையில் உடல் மீண்டும் கெட்டது. ஒருவழியாக மிசௌரி மாநிலத்தின் சவானா என்ற ஊரை அடைந்து, அங்கே பள்ளியில் கற்பித்தபடியே சட்டம் படித்தார். 1870களின் தொடக்கத்தில் வழக்கறிஞராகி, நகரத்தின் சட்ட அலுவலராகவும் பணியாற்றினார். அப்போது மிசௌரி விவசாயிகள் கொதித்துப் போயிருந்தார்கள். 1873இன் நிதி நெருக்கடி விளைபொருள் விலையைச் சரித்துவிட்டது; ரயில் நிறுவனங்களோ சரக்குக் கட்டணத்தை இறக்க மறுத்தன. கிரேஞ்ச் என்ற விவசாயிகள் அமைப்பைச் சுற்றி அரசியல் அணி ஒன்று திரண்டது. 1874இல் அந்த அணியின் சார்பில் நின்ற ஆல்ட்கெல்ட், ஆண்ட்ரூ கவுண்டியின் அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்தலில் அவர் பெற்ற முதல் பதவிகளில் ஒன்று இது. பெரிய கட்சிகளின் தயவில்லாமல், கடன்பட்ட உழவர்களின் வாக்கில் அது வந்தது என்பதை மனத்தில் வைத்தால்தான் அவருடைய பிற்கால ஆட்சி புரியும்.

மறு ஆண்டே பதவியை விட்டுச் சிகாகோவுக்குப் போனார். 1871இன் பெருந்தீயில் எரிந்த அந்த நகரம் மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. மனை வாங்கிக் கட்டடம் கட்டி விற்றவர்கள் செல்வந்தரானார்கள். ஆல்ட்கெல்டும் அப்படியே பணம் சேர்த்தார். ஆனால் சவானாவில் அரசு வழக்கறிஞராகப் பார்த்த குற்றவாளிக் கூண்டை அவர் மறக்கவில்லை. 1884இல் வெளியிட்ட நூலில், ஏழைகளை அற்பக் காரணங்களுக்குப் பிடித்துச் சிறையில் தள்ளும் முறையே குற்றவாளிகளை உருவாக்குகிறது என்று வாதிட்டார். அதைப் படித்த கிளாரன்ஸ் டாரோ என்ற இளம் வழக்கறிஞர் சிகாகோவுக்கு வந்து அவரோடு சேர்ந்தார். நூல் வெளியான அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஆல்ட்கெல்ட் தோற்றார். 1886இல் குக் கவுண்டி உயர்நிலை நீதிமன்ற நீதிபதியாகத் தேர்வு பெற்றார்.

ஆளுநர் பதவிக்கு அவரை உயர்த்திய காரணங்களில் 1889இன் கட்டாயக் கல்விச் சட்டமும் ஒன்று. எட்வர்ட்ஸ் சட்டம் என்று அழைக்கப்பட்ட இது, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றே ஆக வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. எழுத்து, வாசிப்பு, கணக்கு, அமெரிக்க வரலாறு, புவியியல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் கற்பிக்கும் பள்ளியையே பள்ளியாக ஏற்றது. ஜெர்மன் மொழியில் கற்பித்த லூத்தரன், கத்தோலிக்கத் தேவாலயப் பள்ளிகளின் அடித்தளத்தையே இது அசைத்தது. வழக்கமாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்துவந்த லூத்தரன் ஜெர்மானியர் பலர் அணி மாறினார்கள். சட்டத்துக்குப் பெயர் தந்த மாநிலக் கல்வி அதிகாரி ரிச்சர்டு எட்வர்ட்ஸ், வேல்ஸில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராக உயர்ந்தவர். 1890இல் அப்பதவிக்கான தேர்தலில் அவரைத் தோற்கடித்த ஹென்றி ராப், ஜெர்மனியில் பிறந்து பெல்வில் நகரில் ஆசிரியராக இருந்தவர். ஒரே தேர்தலில் இரு குடியேறி ஆசிரியர்கள், பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது என்பதற்காக மோதிக்கொண்டார்கள்.

இந்த அலை 1892இலும் ஓயவில்லை. ஜனநாயகக் கட்சி ஆல்ட்கெல்டை நிறுத்தியது. அவர் எட்வர்ட்ஸ் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். ஆளுநர் ஜோசப் ஃபைஃபரை ஏறத்தாழ 23,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1857க்குப் பிறகு அக்கட்சிக்கு இல்லினாயில் கிடைத்த முதல் ஆளுநர் அவர். 1893இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் 26 அன்று அவர் எடுத்த முடிவே அவர் பெயரை நிலைநிறுத்தியது. 1886 மே 4இல் சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்துக் காவலர்கள் இறந்தார்கள். குண்டு வீசியவர் யாரென்று தெரியாமலே எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டு, நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். எஞ்சிய மூவருக்கு ஆல்ட்கெல்ட் மன்னிப்பு வழங்கினார். கருணை காட்டி ஓசையில்லாமல் விடுதலை செய்திருந்தால் எதிர்ப்பு சற்றே அடங்கியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஜூரர்கள் ஒருதலையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், குற்றம் நிறுவப்படவில்லை, நீதிபதி பாரபட்சமாக நடந்தார் என்று நீண்ட அறிக்கையில் எழுதினார். பத்திரிகைகள் அவருடைய பிறப்பையே குற்றமாக்கி, அந்நியர் என்று ஏசின. ஓர் ஆளுநர் தம் மாநில நீதிமன்றத்தின் தவற்றை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்தது அரிய துணிவு.

1893இன் தொழிற்சாலைச் சட்டம் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உற்பத்தி வேலையில் சேர்ப்பதைத் தடுத்தது. அதைச் செயல்படுத்தும் தலைமை ஆய்வாளராக ஃபுளோரன்ஸ் கெல்லி என்ற பெண்ணை ஆல்ட்கெல்ட் நியமித்தார். பெண் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை என்ற பிரிவை மாநில உச்ச நீதிமன்றம் 1895இல் செல்லாததாக்கிவிட்டது. இல்லினாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நிதி பெருகியது. டிகால்ப், சார்லஸ்டன் நகரங்களின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் அவர் காலத்தில், 1895இல், நிறுவப்பட்டவை. இரண்டும் இன்று பல்கலைக்கழகங்கள்.

1894இன் புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தில், ஆளுநர் கேட்காமலே குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து மத்தியப் படையைச் சிகாகோவுக்கு அனுப்பினார். தம் சொந்தக் கட்சித் தலைவரையே ஆல்ட்கெல்ட் கடுமையாகக் கண்டித்தார். இரண்டாண்டுகளில் கட்சியும் கிளீவ்லாந்தைக் கைவிட்டது. 1896இல் சிகாகோவில் கூடிய மாநாட்டின் கொள்கை அறிக்கையில் ஆல்ட்கெல்டின் செல்வாக்கு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அமெரிக்கக் குடிமகனாகப் பிறந்தவரே குடியரசுத் தலைவராகலாம் என்ற அரசியலமைப்பு விதியால் அவர் வேட்பாளராக நிற்க வழியில்லை. அவ்வாண்டு ஆளுநர் தேர்தலில் ஜான் டானரிடம் தோற்றார். கட்டிய சொத்துகளையும் இழந்து, இறுதியில் டாரோவுடன் சேர்ந்து வழக்கறிஞராக வேலை செய்தார். 1902 மார்ச் 11இல் ஜோலியட் நகரில், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனோடு போரிட்டுவந்த போயர் மக்களுக்கு ஆதரவாகப் பேசிய கூட்டத்தில் உடல்நலம் குன்றி, மறுநாள் தம் 54ஆம் வயதில் காலமானார்.