மூன்று உயிரின் கேஸ் பேப்பர்

ஒட்டிப்பிறந்த வாழைப்பழத்தைப் பெண் தின்றால் ரெட்டைப் பிள்ளை பிறக்கும் என்பது தென்மாவட்டங்களில் இன்றும் காதில் விழுகிற பேச்சு. கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பழத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட பாட்டிக்கு ஒரு பயம் இருந்தது. பிறந்து நிலைத்துவிட்டால் ராமன், லட்சுமணன் என்று பேர்வைத்துக் கொண்டாடுகிற அதே வீடு, பிறக்கும்வரை அதை வேண்டாத வரமாகத்தான் பார்த்தது. பயத்தின் கணக்கு எளிது: இரண்டு பிள்ளை, ஆகவே இரண்டு மடங்கு ஆபத்து. 'ஹை ரிஸ்க்' என்று கேஸ் பேப்பரில் எழுதும் டாக்டரும் ஏறக்குறைய அந்தக் கணக்கைத்தான் போடுகிறார். பம்பாயின் நூறாண்டுப் பேறுகால வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கணக்கு பாதிதான் சரி என்று படுகிறது. வயிற்றில் எத்தனை பிள்ளை என்பதற்கு இணையாகவே, தாயின் உடம்பில் எவ்வளவு ரத்தம், அவள் எந்த மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாள் என்பவையும் அவள் கதியைத் தீர்மானித்தன. இந்தப் பாடத்தின் முக்கியமான பக்கங்கள் ஆலைத் தொழிலாளிகளும் தாராவிக்காரர்களும் படுத்த பொது வார்டுகளில் எழுதப்பட்டவை.

தாராவிக்குத் தமிழர்கள் வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் தோல் பதனிடும் வேலைக்கு வந்து, கோலி மீனவர்களின் சதுப்புநிலத்து ஓரத்தில் குடியேறினார்கள். பக்கத்திலேயே மாட்டுங்கா. 1896 பிளேக்குக்குப் பிறகு 1898-ல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் மனை பிரித்து வீதி போட்டது. அங்கே குமாஸ்தாக்களும் ஆசிரியர்களுமாகத் தமிழ் மத்தியதர வர்க்கம் குடிபுகுந்தது. ஒரே மொழி பேசும் இந்த இரண்டு ஊர்களும் சந்தித்துக்கொள்ளும் இடங்கள் குறைவு. அந்தச் சிலவற்றில் ஒன்று 1947-ல் சிறிய அளவில் தொடங்கிய சயான் ஆஸ்பத்திரி. பின்னாளில் லோகமான்ய திலக் பேர் தாங்கிய மாநகராட்சி மருத்துவமனை அதுதான். மாட்டுங்காக்காரர் முதலில் குடும்ப டாக்டரிடம் போவார், சிக்கல் முற்றினால் சயானுக்கு வருவார். தாராவிக்காரருக்குத் தொடக்கமும் முடிவும் சயானே. தாராவிக்குள் அதன் நகர்ப்புற சுகாதார மையத்துக்கு ஜனங்கள் வைத்த பேர் 'சோட்டா சயான்'.

இனிக் கொஞ்சம் பின்னால், ஆலைப் பகுதியான பரேலுக்குப் போகவேண்டும். 1926-ல் அங்கே கே.ஈ.எம். ஆஸ்பத்திரியும் நௌரோஜி வாடியா பிரசவ ஆஸ்பத்திரியும் வந்தன. இரண்டாவது, ஆலை முதலாளிக் குடும்பம் ஒன்று ஆலைப் பெண்களை மனதில் வைத்துக் கட்டியது. கர்ப்பிணிகள் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று ஹாஃப்கின் நிறுவனத்தில் டாக்டர் மார்கரெட் பால்ஃபர் விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையில் சேர 1928-ல் லண்டனிலிருந்து வந்தவர் டாக்டர் லூசி வில்ஸ். நெசவாலைப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் வரும் கடுமையான சோகை அவருக்குப் புதிராக இருந்தது. ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் இருந்தன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையின் முகம் இதுவல்ல. கிருமியைத் தேடினார், அகப்படவில்லை. அதன் பிறகு பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார். காய்கறியும் பழமும் புரதமும் எட்டாத தட்டுகளிலேயே நோய் அதிகம் என்று தெரிந்தது. எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்து, கடைசியில் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு நோயைத் திருப்புவதைக் கண்டார். 1931-ல் அது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. நடுவே அவர் குன்னூரிலும், நம்மவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கிற திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். 'வில்ஸ் சத்து' என்று சில காலம் அழைக்கப்பட்ட பொருளுக்கு 1941-ல் ஃபோலிக் அமிலம் என்று பேர் வந்தது. இன்று உலகமெங்கும் கர்ப்பிணி கையில் கொடுக்கப்படும் அந்தச் சின்ன மாத்திரையின் பிறப்பிடங்களில் ஒன்று பரேல் ஆலைப்பெண்களின் ரத்தம்.

ரெட்டைக் கர்ப்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எல்லாச் சம்பந்தமும் உண்டு. இரண்டு சிசுக்கள் வளரும்போது ஃபோலிக் அமிலமும் இரும்பும் இன்னும் வேகமாகத் தாயிடமிருந்து உறிஞ்சப்படுகின்றன. அளவுக்கு மீறி விரிந்த கர்ப்பப்பை, பிரசவம் ஆனதும் சரியாகச் சுருங்க மறுக்கிறது, ரத்தப்போக்கு கூடுகிறது. உடம்பில் ரத்தம் இருக்கிற பெண் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வாள். சோகையில் வெளுத்தவள் அதைவிடச் சிறிய இழப்பிலும் போய்விடுவாள். பாட்டியின் பயத்துக்கு உரிய மரணங்களில் பல இந்த இரண்டாவது வகையாக இருந்திருக்கும். பேறுகால ஜன்னியும் (எக்லாம்ப்சியா) அப்படித்தான். ரெட்டையில் ரத்தக் கொதிப்பு ஏறும் வாய்ப்பு அதிகம் என்பது உடலின் விதி. ஆனால் அது ஜன்னியாக முற்றும் முன் பிடிப்பதற்கு வேண்டியது மாதம் தவறாமல் கையில் கட்டிப் பார்க்கும் ஒரு பிரஷர் கருவி. ஜன்னி வந்தபின் என்ன செய்வது என்பதில் சென்னை எழும்பூர் ஆஸ்பத்திரியின் டாக்டர் கிருஷ்ண மேனன் 1961-ல் எழுதிய மூன்று மருந்துக் கலவை நம் வார்டுகளில் பல்லாண்டு ஓடியது. பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய சோதனை 1995-ல் மெக்னீசியம் சல்பேட்டே மேல் என்று காட்டியது. அதுவும் விலை குறைந்த மருந்துதான்.

ரத்தம் இருந்தால் போதாது, ஓய்வும் வேண்டும் என்பதைப் பம்பாய் சட்டமாகவே எழுதியது. 1928-ல் பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர்களில் அம்பேத்கரும் ஒருவர். 1929-ல் அது சட்டமானது. இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம். அதன் பயன் கிடைத்தது பதிவேட்டில் பேர் உள்ள ஆலைத் தொழிலாளிக்கு. காலப்போக்கில் ஆலைகளில் பெண்களே குறைந்துபோனார்கள். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, கணவன் சைக்கிளில் கட்டி அனுப்புகிற தாராவிப் பெண்ணை 1929 சட்டமும் எட்டவில்லை, 1961-ல் வந்த மத்தியப் பேறுகால உதவிச் சட்டமும் எட்டவில்லை. அவளுக்கு முதலாளி என்று யாரும் இல்லாததால் விடுப்பும் இல்லை.

ஓய்வைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ரெட்டை என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கவைப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. பின்னால் ஆராய்ந்து பார்த்ததில் அந்தப் படுக்கை குறைப்பிரசவத்தைத் தடுத்ததாகத் தெரியவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு, ஓய்வு என்பதே கட்டுக்கதை என்று சிலர் சொல்லக்கூடும். அது தப்பான முடிவு. அசையாமல் படுப்பது வேறு, ஏணி ஏறி மாடத்தில் படுத்து, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து குடம் தூக்காமல் இருப்பது வேறு. சோதனைகள் அளந்தது முதலாவதை. தாராவியின் பத்தடிக் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், கேள்வியே இரண்டாவதுதான்.

பம்பாய் உலகத்துக்குக் கொடுத்த இன்னொரு கொடை கர்ப்பப்பை வாய்த் தையல். ஜே.ஜே. ஆஸ்பத்திரியின் வி.என். ஷிரோட்கர், நாலாம் ஐந்தாம் மாதங்களில் திரும்பத் திரும்பக் கரு கலைந்துபோகிற பெண்களின் கர்ப்பப்பை வாயை, அவர்கள் தொடையிலிருந்தே எடுத்த சவ்வுத் துண்டால் கட்டினார். 1955-ல் அதை அவர் வெளியிட்டது சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஆன்டிசெப்டிக்' இதழில். ரெட்டைக் கர்ப்பம் சீக்கிரம் திறந்துகொள்வதால் இந்தத் தையல் அதற்கும் மருந்தாகும் என்று பலர் நம்பினார்கள், போட்டும் பார்த்தார்கள். ரெட்டை என்ற ஒரே காரணத்துக்காகப் போட்ட தையல் பலன் தரவில்லை. எந்தப் பெண்ணுக்கு வாய் தளர்கிறது என்று பார்த்துப் போடும்போதே அதற்கு அர்த்தம். பார்ப்பதற்கு அவள் முன்கூட்டி வந்திருக்கவேண்டும்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். சத்து மாத்திரையும் பிரஷர் கருவியும் எல்லாம் சரி, ரெட்டைக் குழந்தைகளை உண்மையில் காப்பாற்றியது இயந்திரம் அல்லவா? சோனோகிராஃபி வருமுன் முதல் பிள்ளை வெளியே வந்த பிறகே இன்னொன்று இருப்பது தெரிந்த பிரசவங்கள் எத்தனையோ. இன்று ரெட்டைகளில் கணிசமானவை ஐ.வி.எஃப். மூலம் வருபவை, அதற்கும் வார்டு ஏழைகளுக்கும் என்ன உறவு? கடைசிக் கேள்விக்குப் பதில் சுவாரசியமானது. 1986 ஆகஸ்ட் 6 அன்று, இந்தியாவில் முறைப்படி ஆவணப்படுத்தப்பட்ட முதல் சோதனைக்குழாய்க் குழந்தை, டாக்டர் இந்திரா ஹிந்துஜாவின் குழு உழைத்த கே.ஈ.எம்.மில், அதாவது மாநகராட்சி ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. இயந்திரத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. கருவை முன்கூட்டிப் பார்க்கும் பரிசோதனைகள் பம்பாயில் இன்னொரு வேலையும் செய்தன என்பதையும் மறக்கக்கூடாது. கருவிலேயே பெண்ணைக் கண்டுபிடித்து அழிக்கும் வியாபாரம் அத்தனை பெருகியதால்தான் மகாராஷ்டிரம் 1988-ல் நாட்டிலேயே முதலாக அதற்கெதிராகச் சட்டம் போட்டது. மறுப்புக்கு என் பதில் இவ்வளவே: இந்தக் கருவிகள் எல்லாம் நேரத்துக்கு அடிமை. இரண்டு சிசுக்களும் ஒரே நஞ்சுக்கொடியைப் பங்குபோடுகின்றனவா என்பதைச் சோனோகிராஃபி தெளிவாகச் சொல்லும் காலம் 11 முதல் 14 வாரம். ஒரே நஞ்சு என்றால் ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் பாயும் ஆபத்து உண்டு, அடிக்கடி பார்க்கவேண்டும். ஏழாம் மாதத்தில் முதல் தடவை வருகிறவளுக்கு அந்த வாசல் மூடிவிட்டது. ஆக்லாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972-ல் வெளியிட்ட ஸ்டீராய்டு ஊசி குறைமாதக் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும். விலை மிகக் குறைவு. ஆனால் அது முழுசாக வேலை செய்யப் பிரசவத்துக்கு முன்பு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். வலி முற்றி டாக்ஸியில் வந்து இறங்குகிறவளுக்கு அந்த ஒரு நாளை எந்தக் கருவியும் கொடுக்காது.

பிறந்த பிறகு நடப்பதில் சயானின் பங்கு தனி. ரெட்டைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன. ஒன்றரைக் கிலோக் குழந்தையைப் பெட்டியில் வைத்துவிட்டாலே பிழைத்துவிடும் என்பது வெளியே உள்ள நம்பிக்கை. பெட்டிக்குள் எதை ஊட்டுவது என்பதில்தான் பல உயிர்கள் போயின. பவுடர் பால் குறைமாதக் குழந்தையின் குடலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தொற்றும் குடல் அழுகலும் வரும் ஆபத்து கூடும். தாய்க்கோ, மாதம் நிறையும் முன்பே பிரசவமாகி, அறுவை முடிந்து, இரண்டு வாய்க்குப் போதுமான பால் சுரப்பதில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-ல் அங்கே தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவில் அதுவே முதல். மற்ற தாய்மார் கறந்து கொடுக்கும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறையவைத்து, பால் போதாத குழந்தைக்குக் கொடுக்கும் எளிய ஏற்பாடு. பால் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதே ஆஸ்பத்திரிக்கு வருகிற சாதாரணப் பெண்கள். ஜாதியும் மதமும் பார்க்கும் ஊரில் புட்டிப் பாலில் மட்டும் யாரும் அதைத் தேடவில்லை.

இந்தப் பொது வார்டுகளைப் புகழ்ந்துகொண்டே போவது நியாயமாகாது. ஒரு கட்டிலில் இரண்டு பேர், வராந்தாவில் பாய், வசைச்சொல் கேட்டுக்கொண்டு பிள்ளை பெறுவது, இவை எல்லாம் அந்த வரலாற்றின் பகுதி. வசதி வந்ததும் மாட்டுங்காக்காரர் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடியதில் குற்றம் சொல்ல முடியாது. கூட்டத்துக்குக் காரணம், சாதாரணப் பிரசவமும் சிக்கலானதும் ஒரே வாசலில் முட்டியதுதான். ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கிய 'ஸ்நேஹா' அமைப்பு, மாநகராட்சியின் சிறு பிரசவ விடுதிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் கோர்த்து, யாரை எப்போது எங்கே அனுப்புவது என்ற ஒழுங்கை உருவாக்க உழைத்தது. அதே காலத்தில் 48 குடிசைப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, பெண்கள் குழுக்கள் கூடிப் பேசினால் பச்சிளங்குழந்தை மரணம் குறையுமா என்றும் சோதிக்கப்பட்டது. 2012-ல் வந்த முடிவு, குறையவில்லை. இது என் வாதத்துக்கு அடி என்று தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. போகவேண்டிய இடம் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது, போன இடம் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஒட்டுகிற பக்கம் இரண்டும் பசையாக இருக்கவேண்டும்.

கடைசியாக நம் வழக்கத்துக்கே வருகிறேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து, தாதரிலோ வி.டி.யிலோ ரயிலேறி, ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணத்தில் நெல்லை. ஒற்றைப் பிள்ளைக்கு ஏழாம் மாதம் சௌகரியமான இடைவெளி. ரெட்டைக்கு அதுவே மிக ஆபத்தான வாரங்களின் தொடக்கம். பனிக்குடம் உடைந்தால் அடுத்த பெரிய ஸ்டேஷன் குண்டக்கல்லா சேலமா என்று பார்க்கவேண்டியிருக்கும். வழக்கத்தை மூடத்தனம் என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. பத்தடிக் கோலியில் வாழ்ந்தவளுக்கு அம்மா வீடு மட்டுமே சம்பளமில்லாத பேறுகால விடுப்பு; மூன்று வேளைச் சோறும், குடம் தூக்காத பகலும் அவளுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. போகிற ஊரும் பழைய ஊர் இல்லை. திருநெல்வேலியில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1987 முதல் முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவித் திட்டம் இருக்கிறது. ரெட்டை என்று தெரிந்தவள் நாலாம் மாதத்திலேயே ஊருக்குப் போய் அங்கேயே பேர் பதிந்துகொள்ளலாம், அல்லது போகாமல் அம்மாவை இங்கே வரவழைக்கலாம். இரண்டில் எது என்றாலும், சயானில் எடுத்த சோனோகிராஃபி, ஒரே நஞ்சா இரண்டா என்ற குறிப்பு, பிரஷர் கணக்கு எல்லாம் எழுதிய அந்தக் கசங்கிய கேஸ் பேப்பர் பெட்டியின் அடியில் புடவைகளுக்குக் கீழே போய்விடக்கூடாது; ரயிலில் அது அவள் கைப்பையில் இருக்கவேண்டும்.