தமிழ்ப் புதினங்களில் பெண் சித்திரிப்பு: மும்பை வாசகர் ஒருவரின் மதிப்பீடு

தமிழ் எழுத்தில் பெண் சித்திரிக்கப்படும் முறை குறித்து எழுந்த ஆய்வுகளுள் சி. எஸ். லட்சுமியின் 'தி ஃபேஸ் பிஹைண்ட் தி மாஸ்க்' முதன்மையான ஒன்றாகும். 'முகமூடிக்குப் பின்னுள்ள முகம்' எனப் பொருள்படும் இவ்வாங்கில நூல் 1984இல் வெளிவந்தது. இதன் ஆசிரியர் 1944இல் கோயம்புத்தூரில் பிறந்து, மும்பையிலும் பெங்களூரிலும் வளர்ந்து, மும்பையையே வாழிடமாகக் கொண்டவர். 'அம்பை' என்னும் புனைபெயரில் தமிழ்ச் சிறுகதை வாசகர் நன்கறிந்தவர்.

இத்தகைய வினாவுக்கு மராட்டிய மண்ணில் முன்னோடி உண்டு. தாராபாய் ஷிண்டே 1882இல் புனேயில் வெளியிட்ட 'ஸ்திரீ புருஷ் துலனா' என்னும் சிறுநூல், சூரத்தைச் சேர்ந்த இளம் விதவை ஒருவர் மீதான வழக்கினை ஒட்டி எழுந்த பழிப்புரைகளுக்கு விடையாக அமைந்தது. பெண்களை இழித்துரைக்கும் நாடகங்களையும் புதினங்களையும் அந்நூல் கடிந்துரைக்கிறது. திறனாய்வாளராக அன்றி, படித்துச் சினந்த வாசகராகவே தாராபாய் பேசினார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அந்நூல் 1975இல் மறுபதிப்புக் கண்டது.

லட்சுமியின் நூலில் அத்தகைய சினம் வெளிப்படையாக இல்லை. ஆனால் அவருடைய வாசிப்பும் வெளியிலிருந்து நோக்கிய வாசிப்பன்று. 1960களில் எழுதத் தொடங்கிய அவர், 'அந்தி மாலை' என்னும் புதினத்திற்குக் கலைமகள் பரிசு பெற்றவர். குடும்ப இதழ்கள் வேண்டிய பெண் உருவத்தைத் தாமும் எழுதிப் பார்த்த ஒருவரே பின்னர் அதனை முகமூடி என இனங்கண்டார். 1976இல் வெளிவந்த 'சிறகுகள் முறியும்' தொகுப்பையும் முந்தைய புதினத்தையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு இம்மாற்றம் தெற்றென விளங்கும்.

நூலின் மைய வாதம் பெண் எழுத்தாளர்களைப் பற்றியது. 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட புதினங்களை எழுதிய வை. மு. கோதைநாயகி அம்மாள் தொடங்கி, பின்வந்த பலரும் பெண்ணை எழுதும்போது மரபு வகுத்த உருவத்தினுள் நின்றே எழுத நேர்ந்தது என்பது அவ்வாதத்தின் சாரம். கல்வி, பணி, தனிக்குடும்பம் ஆகிய மாற்றங்கள் கதையினுள் வருகின்றன. கதையின் முடிவோ அவற்றைப் பழைய ஒழுங்கிற்கு மீட்டுக்கொண்டு செல்கிறது. ('பெண் எழுத்தாளர்' என அடை கொடுத்துச் சொல்லும் தமிழ், 'ஆண் எழுத்தாளர்' என இயல்பாகச் சொல்வதில்லை என்பதும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது.)

மொழியியல் நோக்கில் இவ்வாதம் சொற்களைப் பற்றிய வாதமாகவும் விரிகிறது. 'கற்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தொல்காப்பியம் களவியலை அடுத்துக் கற்பியலை வைக்கிறது. அங்குக் கற்பு என்பது கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்ளும் மணவாழ்க்கை நிலை. கல் என்னும் வினையடியோடு தொடர்புடைய இச்சொல்லுக்குக் கல்வி என்னும் பொருளும் உண்டு. பிற்கால வழக்கில் இப்பொருள்கள் ஒதுங்க, மனைவியின் உடல் தூய்மை ஒன்றே நிலைத்தது. ஆங்கிலத்தில் 'சாஸ்டிட்டி' எனப் பெயர்க்கும்போது அவ்வொன்றும் மேலும் இறுகுகிறது. பெண்ணுக்குரியனவாகக் கூறப்படும் நாற்குணத்தின் வரலாறும் இத்தகையதே. தொல்காப்பியக் களவியல் கூறுவன அச்சம், நாணம், மடன் என மூன்றே; பயிர்ப்பு பிற்கால மரபு சேர்த்தது. தொன்றுதொட்டு மாறாதது என மேடைகளில் முழங்கப்பட்ட பட்டியல் உண்மையில் வளர்ந்து வந்த பட்டியலாகும்.

'தாய்' என்னும் சொல்லைப் பற்றி லட்சுமி தனியே எழுதினார். 1990இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை, தமிழக மொழி அரசியல் தாய்மையை எவ்வாறு கையாண்டது என்பதை ஆராய்ந்தது. வீரத்தாயும் தமிழ்த்தாயும் போற்றப்பட்ட மேடையில் வாழும் பெண்ணுக்கு எஞ்சிய இடம் எவ்வளவு என்பதே அதன் வினா. இவ்வினாவைப் புனைவில் அவர் முன்னரே கேட்டிருந்தார். 'அம்மா ஒரு கொலை செய்தாள்' சிறுகதையில் பூப்பெய்திய சிறுமி ஊரிலிருந்து அம்மா வரட்டும் எனக் காத்திருக்கிறாள். வந்த அம்மாவின் ஒரு கடுஞ்சொல்லே கொலையாகிறது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் தலைப்பு 'மை மதர், ஹர் கிரைம்' என்றாயிற்று. வினைமுற்று மறைந்து பெயர் வந்தது. 'கொலை' தணிந்து 'குற்றம்' ஆயிற்று. ஆங்கிலத் தலைப்பின் ஓசை நயம் மறுப்பதற்கில்லை. எனினும் தமிழ்த் தலைப்பு எழுவாயாக நிறுத்திய அம்மா, ஆங்கிலத்தில் குற்றத்தை உடையவளாக மட்டுமே நிற்கிறாள்.

இனி, இம்மதிப்பீட்டின் எல்லை குறித்தும் கூறுதல் வேண்டும். நூல் பெரிதும் எடுத்துக்கொண்டது அச்சேறிய எழுத்து. அதிலும் இதழ்கள் வளர்த்த எழுத்து. அவ்வெழுத்தில் இடம்பெற்ற பெண்கள் யாவர் என்பதை மும்பையின் தமிழே காட்டிவிடும். மாதுங்காவில் அலுவலகப் பணிக்கு வந்து குடியேறிய அந்தணக் குடும்பங்களில் அண்ணன் மனைவி 'மன்னி'. இருப்புப்பாதைக்கு அப்பால் தாராவியில், தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற கூலி வேலைகளுக்கும் வந்த திருநெல்வேலிக் குடும்பங்களில் அவரே 'மதினி', பேச்சில் 'மயினி'. செம்பூருக்குப் பெயர்ந்த நடுத்தரக் குடும்பங்களில் 'அண்ணி'யும் கேட்கும். ஒரே உறவுக்கு நடைதூரத்தில் வேறுவேறு சொற்கள் வழங்க, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் குடும்பக் கதைகளில் 'மன்னி'க்குக் கிடைத்த இடம் 'மயினி'க்குக் கிடைக்கவில்லை. அச்சமும் மடமும் கொண்டு தாராவிப் பெண் ஒருநாள் கூலியும் ஈட்ட இயலாது. நாற்குணச் சட்டகம் அவளை இழிவுபடுத்தவும் இல்லை, அவளைக் காணவே இல்லை. இக்குறை ஆய்வாளரைவிட அவர் முன்னிருந்த நூல்களையே பெரிதும் சாரும். எனினும் குறை குறையே.

அச்சேறாத குரல்களை நோக்கி அவர் நகர்ந்ததை இப்பின்னணியில் வைத்துக் காண்பது பொருந்தும். 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் இணைந்து மும்பையில் 'ஸ்பாரோ' என்னும் ஒலி, ஒளிப்பட ஆவணக்காப்பகத்தை அவர் நிறுவினார். பெண்களின் வாழ்க்கையை அவர்தம் வாய்மொழியிலேயே பதிவு செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. பதிவு நாடாவில் உள்ள பேச்சை எழுத்தாக்குவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு 'மயினி'யை 'அண்ணி' எனத் திருத்தும் கைப்பழக்கமே ஆகும்.

அதே காலத்தில் தமிழ்ப் புதினமும் மாறியது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இலும் பாமாவின் 'கருக்கு' 1992இலும் வந்தன. பாமா பேச்சு வழக்கையே எடுத்துரைப்பு மொழியாகக் கொண்டார். கருக்கினை 2000இல் ஆங்கிலமாக்கியவரும் ஹோம்ஸ்ட்ராமே. அம்பையின் அளந்த நடைக்கும் பாமாவின் ஊர்ப் பேச்சுக்கும் ஒரே கை ஆங்கிலம் தந்தது. மன்னியும் மயினியும் அவ்வாங்கிலத்தில் 'சிஸ்டர்-இன்-லா' என்னும் ஒரே சொல்லாகிவிடாமல் காப்பதற்கு, உறவுப் பெயரைத் தமிழிலேயே விட்டுவைப்பதன்றி வேறு வழி எளிதிற் புலப்படவில்லை.