ஆவி வெளியேறும் வழி

கல்முனைக்கு மேற்கே வயல்வெளிகளுக்கிடையே அமைந்து, திருச்சிலுவைத் திருத்தலத்தால் பெயர் பெற்ற சொறிக்கல்முனையிலும், அதற்குக் கிழக்கே கடலோரமாக நெருங்கிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களிலும், துணி உலர்த்துவது என்னும் காரியம் நெடுங்காலமாகக் காற்றின் தயவிலேயே நடந்து வந்தது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் கச்சான், மலைநாட்டில் மழையைச் சொரிந்துவிட்டு உஷ்ணமும் வறட்சியும் மட்டுமே மிஞ்சியதாய் இறங்கி வீசுவதால், காலையில் கொடியில் போட்ட சாரன் உச்சிப்பொழுதுக்கு வெகு முன்னரே மொறமொறத்துவிடும். மாரி பிடித்து வாடை திரும்பிவிட்டாலோ, அதே சாரன் மூன்று நாள் வீட்டுக்குள் தொங்கியும் ஈரம் நீங்காமல் புளித்து நாறும்.

இந்த இரு பருவங்களின் சூட்சுமத்தை முதலில் அறிந்திருந்தவர்கள், ஈழத்துத் தமிழர் கட்டாடியார் என்று மரியாதையாக விளித்த சலவைத் தொழிலாளரே. உவர்மண் கரைசலில் ஊறிய துணிகளை அடுக்கி, அடியில் நீர் கொதிக்கும் பானையை வைத்து, இரவு முழுவதும் ஆவியேற்றும் வெள்ளாவி முறையும், விடிந்தபின் கல்லில் அடித்து அலசி விரித்துப் போடுவதும், சடங்கு வீடுகளில் வெள்ளை கட்டுவதும் அவர்கள் குலக்கடமையாக விதிக்கப்பட்டிருந்தன. அறுவடைக் களத்தில் நெல்லாகக் கிடைத்த கூலியைப் புகழ்ந்து எழுதுவோர், அந்தக் கடமையை மறுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்ததில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மேல்நாட்டில் துணி உலர்த்த யந்திரம் தேடியோரின் சரித்திரம் வேறு வகையானது. 1800ஆம் ஆண்டையொட்டிப் பிரான்ஸில் போஷோன் என்பவர், துளையிட்ட உருளையில் ஈரத்துணியை இட்டு நெருப்பின்மேல் கையால் சுழற்றும் கருவியைச் செய்தார். 1892இல் அமெரிக்கரான ஜோர்ஜ் சாம்ப்சன், அடுப்பின் வெப்பத்தைக் கொண்டு உலர்த்தும் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். பனியில் உறையும் வடக்கு டக்கோட்டாவில் ரொஸ் மூர் என்பவர் வகுத்த மின்னுலர்த்தியை, அச்சுக்கூடங்களுக்கு மர எழுத்துகள் செய்து பேரெடுத்த ஹமில்டன் கம்பெனி 1938இல் சந்தைக்குக் கொணர்ந்தது. அதற்கு அவர்கள் சூட்டிய நாமம் ‘ஜூன் டே’. ஜூன் மாதத்தில் கச்சான் வீசும் எமது கரைக்கு இப்பெயர் அவர்களுடைய தேசத்தைக் காட்டிலும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

1949இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டத்தின்கீழ், பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் தேக்கப்பட்டு, வயலுக்கு நீரும் கம்பிக்கு மின்சாரமும் ஈந்தது. ஆயினும் ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரம் செலவாகும் என்பது இயற்கை விதித்த கணக்கு. ஆகையால், பிழிந்து எடுக்கக்கூடிய நீரை உலர்த்தியைச் சூடாக்கும் கொயிலுக்கு விடுவது வீண் விரயமே.

வீட்டில் உலர்த்தி பழுதானால், பிளக்கைக் கழற்றிய பின்பே மூடியைத் திறக்க வேண்டும். மோட்டார் ஒலித்தும் உருளை சுழலாவிடின் பெல்ட் அறுந்திருக்கலாம். உருளை சுழன்றும் சூடு பிறவாவிடின், கொயிலையோ தெர்மல் பியூஸையோ மீற்றர் வைத்துச் சோதிக்கலாம். ஆனால் பியூஸ் எரிந்தது கண்டு புதியதை மாட்டிவிட்டு மனநிறைவு கொள்வோர் மறுபடியும் அதே வேலையைச் செய்ய நேரும். ஏனெனில், பெரும்பாலும் அதனை எரித்தது, வடிகட்டியிலும் புகைபோக்கி போன்ற வெளிக்குழாயிலும் படிந்து காற்றை மறித்த பஞ்சுப் பிசிறே. பியூஸை நீக்கிக் கம்பியால் இணைப்பதோ வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். வெள்ளாவியில் ஆவி துணிக்குள் புகுந்து அழுக்கை இளக்குகிறது. உலர்த்தியில் ஆவி துணியைவிட்டு வெளியேற வேண்டும். வெளியேற வழியில்லையேல், விலை கொடுத்து வாங்கிய யந்திரம் வெள்ளாவிப் பானையாகிவிடும்.

சவூதிக்கு உழைக்கச் சென்றவர் அங்கிருந்து கொணரும் உலர்த்தியில் இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே மின்னோட்டம் வினாடிக்கு 60 சுற்று, இலங்கையில் 50. ஆதலால் அந்நாட்டுக்கென்றே செய்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குன்றி, தானும் சூடேறி, விசிறியையும் மந்தமாக்குகிறது. எந்தப் பாகமும் பழுதில்லை என்று மீற்றர் சாட்சி சொல்ல, உடுப்பு மட்டும் ஈரமாகவே வெளிவரும்.

கச்சான் தொடங்கியதும் உலர்த்தியின் சுவிட்சை எவரும் தொடுவதில்லை. கொடியிலிருந்து எடுத்து மடித்த உடுப்புகளை அதன் தலையில் அடுக்கி வைப்பார்கள்.